மாணவி வேஷத்துல நிருபர் போறது சரியா, அதையே நாம செய்யலாமா?

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். மேலோட்டமா பாத்தா ஒரே கேள்விதான். பிபிசி 2019ல வெளியிட்ட "செக்ஸ் ஃபார் கிரேட்ஸ்" படத்தைப் பாத்திருக்கீங்க, அதுல பெண் நிருபர்கள் மாணவிங்க மாதிரி நடிச்சு ரகசிய கேமராவோட லெக்சரர் ரூமுக்குள்ள போறாங்க, இது பத்திரிகை வேலையா இல்ல ஏமாத்து வேலையான்னு கேக்குறீங்க. ஆனா கடைசி பாராவுல, எங்க காலேஜ்லயும் இப்படி ஒருத்தர் இருக்கார், எங்க சீனியர் அக்கா ஒருத்தங்களுக்கு அவர்கிட்டேர்ந்து மெசேஜ் வந்துட்டே இருக்கு, நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு யூடியூப் சேனல் நடத்துறோம், அவர் கிளாஸ்ல இருக்குற ஒரு ஜூனியர் பொண்ணை போன் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணி அவர் ரூமுக்கு அனுப்பலாமான்னு எழுதியிருக்கீங்க. நீங்க நிஜமா கேக்கறது அதைத்தான். அதனால முதல்ல அந்தப் படத்தைப் பத்தி சொல்லிட்டு அப்புறம் உங்க ஜூனியர் பொண்ணு விஷயத்துக்கு வரேன், நடுவுல விட்டுட்டுப் போயிடாதீங்க.

நான் இருபது வருஷத்துக்கு மேல செய்தி வேலையில இருந்தேன், பாதி பத்திரிகை, பாதி டிவி. இப்போ இதழியல் பசங்களுக்கு கிளாஸ் எடுக்குறேன். வக்கீல் இல்ல, அதனால சட்டம் பத்தி சொல்றதை ஒரு நல்ல வக்கீல்கிட்ட காட்டி உறுதி பண்ணிட்டுத்தான் நீங்க அடி எடுத்து வைக்கணும்.

படத்துல என்ன நடந்துச்சுன்னு பாக்காதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். பிபிசியோட "ஆப்பிரிக்கா ஐ"ங்கிற புலனாய்வுக் குழு ஒரு வருஷமா வேலை பாத்து 2019 அக்டோபர் 7ஆம் தேதி வெளியிட்டது. நைஜீரியாவுல லாகோஸ் பல்கலைக்கழகம், கானாவுல அக்ராவுல இருக்குற கானா பல்கலைக்கழகம், ரெண்டு இடம். முன்னாடி நின்னு நடத்தினது கிகி மோர்டிங்கிற நைஜீரிய நிருபர். இந்த மாதிரி தொல்லையாலயே தன்னோட படிப்பை முடிக்க முடியாம போனவங்க அவங்க, அதை படத்துலயே சொல்றாங்க. முதல்ல நிறைய மாணவிங்க, படிச்சு முடிச்ச பெண்கள் எல்லார்கிட்டயும் பேசினாங்க, ஒரே பேருங்க திரும்பத் திரும்ப வந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் நிருபர்களை வேஷத்துல அனுப்பினாங்க. லாகோஸ்ல போனிஃபேஸ் இக்பெனெகுன்னு ஒரு லெக்சரர், கலைப் புலத்துல துணை டீனா இருந்தவர், சர்ச்சுல பாஸ்டரும் கூட. அவர்கிட்ட 17 வயசுப் பொண்ணு, அட்மிஷன் தேடி வந்திருக்கேன்னு சொல்லி ஒரு நிருபர் போறாங்க. பல தடவை சந்திக்கிறாங்க. வயசு கேட்டு, அழகைப் பத்திப் பேசி, ஜெபம் பண்ணச் சொல்லி, கடைசியில ரூம் லைட்டை அணைச்சு கட்டிப்பிடிக்கிற வரைக்கும் போகுது. ஆசிரியர் கிளப்புல மாணவிங்களைக் கூட்டிட்டுப் போற "கோல்ட் ரூம்"னு (குளிர் அறை) ஒரு இடம் இருக்குன்னு அவர் வாயாலயே வருது. படம் வந்த உடனே பல்கலைக்கழகம் அவரை சஸ்பெண்ட் பண்ணிச்சு, அந்த ரூமை மூடிச்சு. 2021ல அவரையும் படத்துல வந்த இன்னொரு லாகோஸ் லெக்சரரையும் வேலையை விட்டே எடுத்தாங்க. கானாவுல காட்டப்பட்ட ரெண்டு பேரும் குற்றச்சாட்டை மறுத்தாங்க, பல்கலைக்கழகம் விசாரிச்சு 2020ல ஒருத்தருக்கு ஆறு மாசம், இன்னொருத்தருக்கு நாலு மாசம் சம்பளம் இல்லாத சஸ்பென்ஷன் குடுத்துச்சு.

இப்போ கேள்விக்கு வரேன். நிருபர் தன் பேரை மாத்தி, வேலையை மறைச்சு, ஒருத்தர் ரூமுக்குள்ள போறது பொய் சொல்றதுதான். அதை "புலனாய்வு"ன்னு பேர் வச்சு மழுப்புறதுல எனக்கு உடன்பாடு இல்ல. என் கிளாஸ்லயும் முதல் நாளே சொல்லிடுவேன், இது பொய், இந்தப் பொய்க்கு நீங்க கணக்கு சொல்லியாகணும்னு. யாருக்கு கணக்கு சொல்லணும்? மாட்டின லெக்சரருக்கும்தான், பாக்குறவங்களுக்கும்தான், ஆனா எல்லாருக்கும் முன்னாடி ஏற்கனவே பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கு. ஏன்னா அந்த ரகசிய கேமரா எதுக்காக உள்ள போகுதுன்னு யோசிங்க. அந்தப் பொண்ணுங்க சொன்னதை யாரும் நம்பலைங்கிறதால போகுது. நம்பியிருந்தா கேமராவே தேவை இல்ல. அதனால கேமரா செய்ய வேண்டிய வேலை ஒண்ணே ஒண்ணுதான், அவங்க சொன்ன வார்த்தைக்கு சாட்சியா நிக்கிறது. அவங்க வார்த்தை இல்லாம தானே ஒரு குற்றத்தைத் தேடிப் போற கேமராவும் சரி, அவங்களை விட்டுட்டு முன்னாடி ஓடிப் போற கேமராவும் சரி, அந்தப் பொய்யை நியாயப்படுத்தவே முடியாது.

ஏன் சாட்சி தேவைப்படுதுன்னு வெளில இருக்குறவங்களுக்குப் புரியறது கஷ்டம். ஆபீஸ்ல நடக்குற தொல்லைக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் மார்க். சம்பளத்தை பிடிச்சா கணக்கு இருக்கும், மார்க்கைக் குறைச்சா "பேப்பர் சரியில்ல"ன்னு ஒரு வார்த்தை போதும். இன்டர்னல், பிராக்டிகல், ரெக்கார்ட் நோட்ல கையெழுத்து, அட்டெண்டன்ஸ், பிஎச்டின்னா கைடு கையெழுத்து, ஒவ்வொண்ணும் ஒரே ஆளோட பேனாவுல இருக்கு. நடக்குறது மூடின ரூம்ல. புகார் குடுத்தா விசாரிக்கப் போறது அதே ஆளோட பதினஞ்சு வருஷமா ஒண்ணா டீ குடிச்சவங்க. அந்தப் பொண்ணு மூணு வருஷத்துல போயிடுவா, அவங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் அங்கேயே இருப்பாங்க. நைஜீரியாவுலயே இதுக்கு முன்னாடி 2018ல ஒரு விஷயம் நடந்துச்சு. ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகத்துல ஒரு பேராசிரியர், பாஸ் மார்க் போட அஞ்சு தடவை வரணும்னு ஒரு மாணவிகிட்ட போன்ல பேரம் பேசினார், அந்தப் பொண்ணு அதைப் பதிவு பண்ணிட்டாங்க. ஏப்ரல்ல அந்த ஆடியோ வெளில வந்துச்சு, ஜூன்ல வேலை போச்சு, டிசம்பர்ல கோர்ட் 2 வருஷம் சிறை குடுத்துச்சு. அதே பொண்ணு ஆடியோ இல்லாம போய் சொல்லியிருந்தா எட்டு மாசத்துல இது நடந்திருக்குமா? நான் பாத்த வரைக்கும் நடந்திருக்காது. இதைத்தான் வேஷம் போட்டுப் போறதுக்கு ஆதரவான வலுவான காரணம்னு நான் நினைக்கிறேன், வேற எந்தக் காரணத்தை விடவும்.

ஆனா அவங்க ரெக்கார்ட் பண்ணினதும் பிபிசி நிருபர் ரெக்கார்ட் பண்ணினதும் ஒண்ணு இல்ல, இங்கதான் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. அந்த மாணவி அந்தப் பேச்சுல நிஜமான ஆள். அவங்க மார்க், அவங்க வாழ்க்கை, அவங்ககிட்ட வந்த மிரட்டல். தனக்கு நடக்குற அநியாயத்துக்கு தானே ஆதாரம் சேர்க்குறாங்க, அதுல ஏமாத்துன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. நிருபர் அப்படி இல்ல, அந்த சூழ்நிலையை உருவாக்கிட்டு உள்ள போறவங்க. அதனால அவங்களுக்குத்தான் கடுமையான விதி வேணும். பிபிசி தன்னோட ஆசிரியர் குழு விதிகள்ல இதை எழுதியே வச்சிருக்கு. தப்பு நடக்குதுன்னு முதல்நிலை ஆதாரம் கையில இருக்கணும், ஏதாவது சிக்குமான்னு சும்மா வலை வீசிப் பாக்கக் கூடாது, மேலிடத்துல ரெண்டு தடவை அனுமதி வாங்கணும், படம் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஒளிபரப்புறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. இந்த ரெண்டாவது அனுமதியை நம்ம ஊர் டிவியில நான் பாத்ததே அபூர்வம். கையில ஃபுட்டேஜ் வந்துட்டா அன்னைக்கு ராத்திரி 9 மணி ஷோவுக்குப் போயிடும். பிடிச்சது எல்லாத்தையும் காட்டத் தேவையில்ல, சிலதை பிடிச்சும் காட்டாம வைக்கலாம்ங்கிற எண்ணமே வராது.

முதல் கட்டத்தை, அதாவது பொண்ணுங்க வாக்குமூலத்தை, தாண்டிக் குதிச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு டெல்லியில 2007ல நடந்தது போதும். லைவ் இந்தியான்னு ஒரு சேனல், ஒரு அரசுப் பள்ளி டீச்சர் மாணவிங்களை விபச்சாரத்துல தள்ளுறாங்கன்னு ஒரு ஸ்டிங், அதாவது ரகசிய கேமரா வச்சுப் பிடிச்ச படம், போட்டுச்சு. ஸ்கூல் முன்னாடி கூட்டம் கூடி அந்த அம்மாவை அடிச்சு, துணியைக் கிழிச்சு, போலீஸ் வந்து அவங்களைக் கைது பண்ணிட்டுப் போச்சு, வேலையும் போச்சு. அப்புறம் விசாரிச்சா அந்த ஸ்டிங்கே ஜோடனை, மாணவின்னு காட்டின பொண்ணு மாணவியே இல்ல. நிருபர் கைதானார், சேனலை மத்திய அரசு ஒரு மாசம் நிறுத்தி வச்சது. டெல்லி ஹைகோர்ட் தானா முன்வந்து வழக்கை எடுத்து, நடக்குறதை நடக்குற மாதிரி காட்டுறது வேற, செய்யாத ஆளைத் தூண்டிவிட்டு செய்ய வச்சுக் காட்டுறது வேற, ரெண்டாவது கண்டிக்கத்தக்கதுன்னு தெளிவா சொல்லிச்சு. அந்த டீச்சர் நிரபராதின்னு தெரிஞ்சது நல்லதுதான், ஆனா கிழிஞ்ச துணியோட அவங்க நின்ன படத்தை நாடே பாத்துட்டதை யாரும் திருப்பி எடுக்க முடியல. வாத்தியார்னு சொன்னா ஊர் உடனே நம்பும், உடனே அடிக்கும். அதனாலேயே இந்த விஷயத்துல ஒரு சின்ன தப்பு கூட ரொம்பப் பெருசு.

தூண்டுறதுக்கும் கதவைத் திறந்து வைக்கிறதுக்கும் கோடு எங்க இருக்குன்னு கேப்பீங்க. நான் பசங்களுக்கு சொல்ற வழி இதுதான். எடிட் பண்ணாத முழு ஃபுட்டேஜை ஆரம்பத்துலேர்ந்து ஓட விட்டு, ஒவ்வொரு அடியையும் யார் முதல்ல எடுத்து வச்சாங்கன்னு எழுதுங்க. தனியா சந்திக்கலாம்னு முதல்ல சொன்னது யாரு, படிப்பு விஷயத்தை விட்டுட்டு உடம்பு விஷயத்துக்குப் பேச்சைத் திருப்பினது யாரு, மார்க்கையோ அட்மிஷனையோ நடுவுல கொண்டு வந்தது யாரு, கதவைச் சாத்தினது யாரு. எல்லாத்துக்கும் விடை லெக்சரர்னா ஒரு சாதாரண மாணவிக்கு என்ன நடந்திருக்குமோ அதுதான் அங்க நடந்திருக்கு. ஒரு இடத்துல நிருபர் சிரிச்சு, கிளப்பிவிட்டு, "சார் நீங்க என்ன வேணா கேளுங்க"ன்னு சொல்லியிருந்தா அந்த இடத்தோட முடிஞ்சு போச்சு, அதுக்கு மேல என்ன பதிவாகியிருந்தாலும் என் கிட்ட வந்தா நான் போட மாட்டேன். லாகோஸ் பகுதியில அந்தப் பொண்ணு ஒரு அட்மிஷன் கேட்டு வந்த பொண்ணு பேசுற மாதிரிதான் பேசுறாங்க, அடி எடுத்து வைக்கிறது எல்லாம் அந்தப் பக்கம்தான். 17 வயசுன்னு சொல்லி அனுப்பினது தூண்டில் இல்லையான்னு சில பேர் கேட்டாங்க. அட்மிஷன் தேடி வர்றவங்க அந்த வயசுலதானே வருவாங்க. சின்னப் பொண்ணுன்னு தெரிஞ்சா பாதுகாப்பா நடந்துக்க வேண்டிய இடத்துல, அது தெரிஞ்சும் ஒருத்தர் மேல போறார்னா அதுதான் செய்தியே. இதுல எனக்கு சந்தேகம் இல்ல.

எனக்கு சந்தேகம் இருக்கறது கானா பகுதியில. அங்க காட்டப்பட்டவங்கள்ல ஒருத்தர் பேராசிரியர், டிவி விவாதங்கள்ல எல்லாம் வர்ற பிரபலமானவர், ரான்ஸ்ஃபோர்ட் ஜியாம்போ. மார்க்குக்கு பதிலா எதுவும் நான் கேக்கலை, தலைப்பே என்னைப் பத்திப் பொய் சொல்லுதுன்னு அவர் தரப்பு சண்டை போட்டுச்சு. மாணவிகிட்ட ஒரு பேராசிரியர் அப்படிப் பேசுறது தப்புதான், பல்கலைக்கழகமே நடவடிக்கை எடுத்துச்சு. ஆனா "மார்க்குக்கு செக்ஸ்"னு தலைப்பு வச்சா அந்த பேரம் ஒவ்வொருத்தர் விஷயத்துலயும் திரையில தெரியணும். லாகோஸ்ல தெரிஞ்ச அளவுக்கு கானாவுல தெரியலைங்கறது என் கருத்து. நாலு பேரை ஒரே தலைப்புக்குள்ள கட்டிட்டா, கடுமையா தப்பு பண்ணினவரோட நிழல் குறைவா பண்ணினவர் மேல விழும், அப்புறம் அவருக்கு ஆதரவா பேசறவங்களுக்கு ஒரு பிடி கிடைச்சிடும். 2025 ஜனவரியில அவர் கானா ஷிப்பர்ஸ் அத்தாரிட்டியோட தலைமைப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டார். தலைப்பு ஒரு இன்ச் கூடினாலும் அந்த ஒரு இன்ச்சை வச்சு முழுக் கதையையும் பொய்னு சொல்ல ஆள் இருக்கும். இதை என்னை விட அனுபவம் உள்ளவங்க மறுக்கலாம், தலைப்பு ஒரு படத்துக்கு, ஆளுக்கு ஆள் இல்லன்னு என் கூட வேலை பாத்த ஒருத்தங்களே என்கிட்ட வாதாடினாங்க. நான் இன்னும் மாறல.

இன்னொரு பக்கம் இருக்கு, இதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க. வேஷம் போட்டு உள்ள போற பொண்ணு. அவங்களை யார் அனுப்புறாங்க, அவங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க? எனக்கு 24 வயசு இருக்கும்போது, அப்போ வேலை பாத்த இடத்துல, வேலை வாங்கித் தர்றேன்னு பொண்ணுங்களைக் கூப்பிட்டு தொல்லை பண்ற ஒரு ஏஜென்ட் ஆபீசுக்கு கேமரா வச்ச பையோட என்னை அனுப்பினாங்க. போறியான்னு எடிட்டர் கேட்டார், போறேன்னு சொன்னேன். மாட்டேன்னு சொன்னா பயந்தாங்கொள்ளின்னு நினைப்பாங்க, அடுத்த பெரிய ஸ்டோரி எனக்கு வராது, வேலையும் புதுசு. கீழ ஒரு ஆட்டோவுல கேமராமேன் இருக்கார்னு சொன்னாங்க, ஆனா ஆபீஸ் மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த ஆள் எழுந்து கதவுப் பக்கம் போனப்போ எனக்குத் தோணினது கேமரா ஓடுதாங்கிறது இல்ல, கத்தினா கீழ கேக்குமாங்கிறதுதான். ஒண்ணும் ஆகாம வந்துட்டேன், ஸ்டோரி வந்துச்சு, பாராட்டினாங்க. ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் உறைச்சுது, மேல இருக்குறவர் கேட்டா கீழ இருக்குற பொண்ணால மாட்டேன்னு சொல்ல முடியாதுங்கிறதுதானே நாங்க அம்பலப்படுத்தப் போன விஷயம், அதே விஷயத்தை வச்சுத்தானே என்னை அனுப்பினாங்க. அதுக்கப்புறம் நான் டெஸ்க்ல பொறுப்புக்கு வந்தப்போ ஒரு விதி வச்சேன். இந்த மாதிரி வேலைக்கு ஜூனியரையோ பயிற்சிக்கு வந்தவங்களையோ கேக்கவே கூடாது, சீனியர் தானா முன்வந்தா மட்டும், கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு முன்னாடியே போய்ப் பாத்திருக்கணும், பக்கத்து ரூம்ல ஆள் இருக்கணும், ஒரு வார்த்தை முன்னாடியே பேசி வச்சிருக்கணும், அந்த வார்த்தை வந்தா ஸ்டோரி போனாலும் பரவாயில்ல உள்ள போயிடணும்.

ஆபத்து அந்த ரூமோட முடியறதும் இல்ல. கானாவுலயே அனாஸ் அரெமெயா அனாஸ்னு முகத்தை மறைச்சுக்கிட்டு ரகசியமா வேலை பாக்குற ஒரு நிருபர் இருக்கார். அவர் குழுவுல ஒருத்தர் அஹ்மத் ஹுசைன் சுவாலே, அவர் போட்டோவை ஒரு எம்பி டிவியில காட்டினார், 2019 ஜனவரியில அக்ராவுல அவரை சுட்டுக் கொன்னுட்டாங்க. அனாஸ் அந்த எம்பி மேல போட்ட அவதூறு வழக்கு 2023ல தோத்துச்சு, இவர் பண்றது புலனாய்வே இல்ல, புலனாய்வு பயங்கரவாதம்னு அந்த நீதிபதி எழுதினார். கொலை நடந்து ஒரு வருஷம் கூட ஆகாத அதே ஊர்லதான் பிபிசி நிருபர்கள் ரகசிய கேமராவோட நடமாடின வேலை வெளில வந்துச்சு. இதை மனசுல வச்சுட்டு அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்க.

பேசின பொண்ணுங்களைப் பத்தி நான் சொல்லியே ஆகணும், இது என் தப்பு. ஒரு சின்ன ஊர் காலேஜ் மாணவி, தன் லெக்சரர் பண்ணினதைப் பத்தி எங்க சேனலுக்கு பேட்டி குடுத்தா. முகத்தை இருட்டுல வச்சோம், குரலை மாத்தினோம், பேர் போடல. அந்த பேக்கேஜை பாத்து ஓகே சொன்னது நான்தான். அவ பின்னாடி ஒரு ஜன்னல் இருந்துச்சு, அதோட கம்பி டிசைன் அந்த ஹாஸ்டல்ல மட்டும் இருக்குறது, அதுவும் அந்த ஒரு மாடியில. பேச்சுக்கு நடுவுல அவ சொல்ற ஒரு வார்த்தை, அவ கிளாஸ் பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை. மறுநாள் சாயங்காலத்துக்குள்ள காலேஜ் முழுக்கத் தெரிஞ்சு போச்சு, ரெண்டு நாள்ல அவங்க அப்பா வந்து பெட்டியோட கூட்டிட்டுப் போயிட்டார். அந்த லெக்சரர் லீவுல போனார், திரும்பி வந்தார். அவ திரும்பி வரல. நான் மன்னிப்பு கேக்க போன் பண்ணினப்போ அவங்க அம்மா எடுத்தாங்க, "போதும்மா, விட்டுடுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு பேட்டியை ஓகே பண்ணும்போது நான் முகத்தைப் பாக்க மாட்டேன், முதல்ல பின்னாடி சுவத்தைத்தான் பாப்பேன். ஒளிபரப்புறதுக்கு முன்னாடி பேட்டி குடுத்தவங்களையே கூப்பிட்டுப் போட்டுக் காட்டி, உன்னைத் தெரிஞ்சவங்க இதைப் பாத்தா கண்டுபிடிப்பாங்களான்னு கேளுங்க. அவங்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

அதனாலதான் ஸ்டிங் வெற்றியா தோல்வியான்னு எத்தனை பேர் வேலை போச்சுங்கிறதை வச்சு நான் அளக்கறதில்ல. பிபிசி படம் வந்து ரெண்டு நாள்ல, அக்டோபர் 9ஆம் தேதி, நைஜீரிய செனட்ல பல்கலைக்கழக பாலியல் தொல்லைக்கு எதிரான மசோதாவைத் திரும்பக் கொண்டு வந்தாங்க, 2020 ஜூலையில செனட் அதை நிறைவேத்துச்சு, 14 வருஷம் வரைக்கும் சிறை. இதே மாதிரி மசோதா 2016லயும் செனட்ல நிறைவேறி, சட்டமாகாம செத்துப்போனது. லெக்சரர்கள் சங்கம் அப்போலேர்ந்தே எதிர்ப்பு, எங்க தொழிலை மட்டும் குறி வைக்கிறாங்கன்னு. ஒரு படம் ஒரு நாட்டு செனட்டை நகர்த்துச்சுங்கிறது சின்ன விஷயம் இல்ல. ஆனா அந்த கோல்ட் ரூமை யோசிச்சுப் பாருங்க. அது ஒரு தனி ஆளோட வீடு இல்ல, ஆசிரியர் கிளப். அங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருந்திருக்கணும். கேமராவுல மாட்டினது ரெண்டு பேர், பாத்தும் பாக்காம போனவங்க யாரும் ஃபிரேம்ல இல்ல. ஸ்டிங்கோட எல்லை அதுதான், அது தனி ஆளைத்தான் காட்டும், அவரைக் காப்பாத்தின நிர்வாகத்தைக் காட்ட ஃபைல் வேணும், புகார் நகல் வேணும், எந்தத் தேதியில யார் மேஜையில எவ்வளவு நாள் கிடந்துச்சுன்னு வேணும்.

இதே எல்லையை நம்ம ஊர்லயும் பாத்தோம். 2018ல அருப்புக்கோட்டையில ஒரு கல்லூரி உதவிப் பேராசிரியை மாணவிங்ககிட்ட போன்ல தப்பான வழிக்குக் கூப்பிட்டுப் பேசினது, அந்தப் பொண்ணுங்க அதைப் பதிவு பண்ணினது, தமிழ்நாடே கேட்ட ஆடியோ அது. பொண்ணுங்க தாங்களாவே, தங்களுக்கு வந்த போனைப் பதிவு பண்ணினாங்க, யாரும் வேஷம் போடல. 2024 ஏப்ரல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் அந்த உதவிப் பேராசிரியைக்கு 10 வருஷம் சிறை குடுத்துச்சு, கூட குற்றம் சாட்டப்பட்ட ரெண்டு பேரையும் விடுதலை பண்ணிடுச்சு. ஒரு பதிவு எதைப் பிடிச்சுச்சோ அதை மட்டும்தான் நிரூபிக்கும். அதுக்கு மேல இருக்குற எதையும் அந்த ஆடியோவே பாத்துக்கும்னு யாராவது நம்பிட்டு உக்காந்தா ஏமாந்துதான் போகணும்.

சட்டம் பத்தி ரெண்டே விஷயம். ஆர்.கே. ஆனந்த் வழக்குல 2009ல சுப்ரீம் கோர்ட், ஸ்டிங் ஒளிபரப்ப கோர்ட்கிட்ட முன் அனுமதி வாங்கணும்னு விதி வைக்க மறுத்துடுச்சு, அது முன் தணிக்கை மாதிரி ஆயிடும்னு. அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு நம்ம பக்கம் கோர்ட் இருக்குன்னு நினைச்சுடாதீங்க. 2014ல ரஜத் பிரசாத் வழக்குல அதே கோர்ட், ஸ்டிங் பண்ணினேன்னு சொன்னதால மட்டும் ஒருத்தர் குற்றப் பொறுப்புலேர்ந்து தானா தப்பிச்சுட முடியாதுன்னும் சொல்லியிருக்கு. பெரிய சேனலுக்கு வக்கீல் பட்டாளம் இருக்கும். உங்க நாலு பேருக்கு யார் இருக்கா?

இப்போ உங்க விஷயம். அந்த ஜூனியர் பொண்ணை அனுப்பாதீங்க. இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. அவ நிருபர் இல்ல, அவ நிஜமாவே அவர்கிட்ட படிக்கிறவ, அவ இன்டர்னல் மார்க் நாளைக்கும் அவர் கையிலதான் இருக்கும். பிபிசி நிருபருக்கு அந்த ரூமை விட்டு வெளில வந்தா அந்த லெக்சரரால ஒண்ணும் பண்ண முடியாது, இவளுக்கு அடுத்த மூணு வருஷம் அங்கதான். சீனியருங்க நாலு பேர் சேர்ந்து கேட்டா அவ மாட்டேன்னு சொல்லுவாளான்னு யோசிச்சுப் பாருங்க. அதோட இதுவரைக்கும் அவ பக்கம் எதுவும் நடக்கல, நீங்க அனுப்பினா அது நடக்க வைக்கிறதுக்காக அனுப்புறது. அவர் வக்கீல் கேக்கப் போற முதல் கேள்வியும் அதுதான், இவளை யார் எதுக்கு அனுப்பினாங்கன்னு. அதோட உங்க சீனியர் அக்காவுக்கு நடந்த நிஜமும் சேர்ந்து அடிபட்டுப் போயிடும்.

உங்ககிட்ட ஏற்கனவே இருக்குறதுதான் பெரிய ஆதாரம், அந்த அக்காவுக்கு வந்த மெசேஜ். அவங்க இஷ்டப்பட்டா மட்டும், அவங்க சொல்ற வேகத்துல போங்க. போனை மாத்த வேணாம், ரீசெட் பண்ண வேணாம், கோவத்துல அந்த சாட்டை டெலிட் பண்ணிடவும் வேணாம். ஸ்கிரீன்ஷாட் எடுங்க, ஆனா ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, மூல போன் இருக்கணும், ஏன்னா புது சாட்சியச் சட்டத்துல 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் வேணும், கருவியைப் பத்தின விவரம் அதுல கேப்பாங்க. அவர் போன் பண்ணினா அவங்க பேசுற பேச்சை அவங்களே பதிவு பண்ணலாம், ஆனா பேச்சுக் குடுத்து வம்பிழுத்து வரவழைக்க வேணாம். இதே மாதிரி மெசேஜ் வேற யாருக்கு வந்திருக்குன்னு அமைதியா விசாரிங்க, பேர் வெளில போகாம. ரெண்டு பேர் தனித்தனியா ஒரே மாதிரி சொன்னா அது எந்த ரகசிய கேமராவையும் விட கனம்.

யூஜிசி 2015ல போட்ட விதிகளை ஒரு தடவை முழுசா படிங்க, காலேஜ்ல ஐசிசின்னு, அதாவது உள் புகார் கமிட்டின்னு, போர்டு மாட்டியிருக்கும், அதுல இருக்குறது என்னன்னு பாதி வாத்தியாருங்களுக்கே தெரியாது. பெண் ஆசிரியர் ஒருத்தங்கதான் தலைமை வகிக்கணும், வெளியாள் ஒருத்தர் இருக்கணும், மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா மாணவர்கள் மூணு பேர் இருக்கணும், எச்ஓடி, டீன், ரிஜிஸ்ட்ரார் மாதிரி பதவியில இருக்குறவங்க உறுப்பினரா இருக்கக் கூடாது. உங்க காலேஜ் கமிட்டியில யார் யார் இருக்காங்கன்னு பாருங்க, விதிப்படி இல்லன்னா அதுவே உங்க சேனலுக்கு முதல் ஸ்டோரி, அதுக்கு யாரும் வேஷம் போட வேண்டியதில்ல, யார் முகமும் வெளில வர வேண்டியதில்ல. இன்னொரு விஷயமும் அந்த விதியில இருக்கு. விசாரணை நடக்கும்போது, புகார் குடுத்த மாணவியோட பேப்பரை, பரீட்சையை, வேலையை அந்த ஆள் மதிப்பிடக் கூடாதுன்னு கமிட்டி தடுக்கச் சொல்லலாம். அதாவது அவர் கையில இருக்குற அந்தப் பேனாவை முதல் நாளே பிடுங்க வழி இருக்கு. அந்த அக்கா மனுவுல அதை மறக்காம கேக்கச் சொல்லுங்க, எழுத்துல, தேதி போட்டு, நகல்ல சீல் வாங்கி.

கமிட்டி மூடி மறைச்சா அப்போ பத்திரிகைக்குப் போங்க, அந்த நகலோட போங்க, அதுக்குள்ள ஒரு வக்கீலையும் பாத்திருங்க. புகாரை சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், தொடர்ந்து நடந்துட்டு இருந்தா கடைசியா நடந்ததுலேர்ந்து கணக்கு, காரணம் இருந்தா கமிட்டி இன்னொரு மூணு மாசம் நீட்டிக்கலாம். அதனால இதைப் படிச்சு முடிச்சதும் சேனல் குரூப்ல எதுவும் போடாம, முதல்ல அந்த அக்காவைப் பாத்து, கடைசி மெசேஜ் எந்தத் தேதியில வந்துச்சுன்னு கேளுங்க.